காற்றுக்கு நாள் குறித்தவர்கள்

என் வீட்டுக்காரன் பண்டெலிஸுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் பறக்க ஆசை வந்தது. அவன் தொழில் ஏ.சி. மாட்டுவது, பழுது பார்ப்பது. கோடையில் ஏதென்ஸில் பாதிப் பேர் மூச்சு விடுவதே அவன் தயவில்தான். பிழைப்பே காற்றாக இருக்கிறபோது, விடுமுறைக்காவது வேறு எதையாவது தேட வேண்டாமா மனுஷன்? "நிஜமான காத்து வேணும் எனக்கு" என்றான். போன வருஷம் லூட்சா கடற்கரையில் இரண்டு வகுப்புக்குப் போய்வந்தான். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலைப் பலகையில் செருகிக்கொண்டு, கடல்மேல் சறுக்குகிற விளையாட்டு. கைட்சர்ஃபிங் என்று பெயர். முதல் வகுப்பில் கடல் தண்ணீர் குடித்தான். இரண்டாவது வகுப்பில் காற்று அவனை இழுத்துக்கொண்டு போய் ஓர் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் போட்டது. இத்தோடு ஆசை விட்டுப்போகும் என்று நான் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனோ கண்ணை மூடிக்கொண்டு, "மூணு செகண்ட் பறந்தேன் கலிரோயி. முழுசா மூணு செகண்ட்" என்றான்.

கலிரோயி நான்தான். பதினேழு வருஷமாக ஏதென்ஸில் டிராலி பஸ் ஓட்டுகிறேன். பிறந்தது தீவில். கோடையில் வடக்கேயிருந்து மெல்தேமி காற்று அடிக்க ஆரம்பித்தால் எங்கள் ஊரில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டு அதற்குமேல் ஒரு கட்டையும் கொடுப்பார்கள், காயப்போட்ட துணியை அடுத்த கிராமத்தில் போய்ப் பொறுக்குவார்கள். அந்தக் காற்றிலிருந்து தப்பிக்கத்தான் நான் ஏதென்ஸுக்கு வந்து, அந்த ஊர்க்காரன் ஒருவனைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். பத்தொன்பது வருஷத்தில் பண்டெலிஸ் என் ஊருக்கு வந்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இங்க ஆட்டையும் காத்தையும் விட்டா வேற என்னதான் இருக்கு?" என்று என் அப்பா காதுபடவே கேட்டான்.

அப்படிப்பட்டவன் இந்த ஜனவரியில் சாப்பாட்டு மேசைமேல் என் தீவின் வரைபடத்தை விரித்தான் பாருங்கள். கூடவே பல் டாக்டர் ஃபோட்டிஸ். இவனுக்குப் பட்டத்தில் கூட்டாளி, காற்று சாஸ்திரத்தில் குரு. வாய்க்குள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தவர். ஃபோனில் காற்றுக்கென்றே நாலு செயலி வைத்திருந்தார். நாலும் நாலு விதமாகச் சொல்லும். நாலையும் கூட்டி நாலால் வகுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, வாக்குச் சொல்கிற மாதிரி சொல்வார்.

"வடக்கு வளைகுடா இருக்கே, அதான் இடம். ஆகஸ்ட் மாசம் அங்க காத்து பிச்சு உதறும்."

"டாக்டர், அந்த வளைகுடாவுல எங்க ஊர் ஆடே மேயாது" என்றேன்.

"ஏன்?"

"காத்து."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்துப் போனார்கள். இதைவிட நல்ல சான்றிதழ் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மார்ச் மாதம் என் தங்கை உரானியா ஃபோன் செய்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயதில் பெண் குழந்தை பிறந்திருந்தது. எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சுற்றிவளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இல்லை அவ்வளவுதான். உரானியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தபோதே என் கையைப் பிடித்து அவள் வயிற்றில் வைத்து, "இதுக்கு நீதான் ஞானத்தாய்" என்று சொல்லிவிட்டாள். தீவிலிருந்து திரும்பிய மறுநாள் நான் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்திருப்பேன்.

"அக்கா, ஞானஸ்நானத்துக்கு நாள் வெச்சாச்சு. ஆகஸ்ட் பத்து, சனிக்கிழமை, காலைல பதினோரு மணி. நம்ம கோயில் பாதிரி சாமிக்கு அதை விட்டா நவம்பர் மாசம்தான் நேரம் இருக்காம். நீ வந்துடுவேல்ல?"

"அடியே, நீ வராட்டாலும் நான் வந்துடுவேன்டி."

பின்னாலிருந்து பண்டெலிஸ் துள்ளி எழுந்தான். "ஆகஸ்ட் பத்தா? ஃபோட்டிஸ் குறிச்ச வாரம்! ஒரே பயணத்துல ரெண்டு வேலையும் முடிஞ்சுது. குழந்தைக்குத் தண்ணி, எனக்குக் காத்து!" என்று ஃபோனைப் பிடுங்கி, உரானியாவின் புருஷனைக் கூப்பிடச் சொல்லி, "சகலை! வர்றோம்!" என்று கத்தினான். உரானியாவின் புருஷன் சிதெரிஸ் எங்கள் தீவுத் துறைமுகத்தில் கப்பல் கயிற்றை வாங்கிக் கட்டுகிறவன். பத்தொன்பது வருஷத்தில் பண்டெலிஸ் அவனைச் 'சகலை' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாவம், அவன், "யார் பேசறது?" என்று கேட்டான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? என் ஊர்மேல் இவனுக்கு ஆசை வந்துவிட்டது, அது காற்றுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கல்யாணமான பொம்பளைக்கு எவ்வளவு கொஞ்சத்தில் மனசு நிறைந்துவிடுகிறது பாருங்கள், வெட்கக்கேடு.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எங்கள் வீட்டில் கல்யாண வீட்டுக் களேபரம். ஞானத்தாய்தான் குழந்தைக்குத் தலையிலிருந்து கால்வரை புதுசு எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெள்ளை கவுன், தொப்பி, காலுறை, ஷூ, எண்ணெய் பூசினபின் போர்த்துகிற துணி, துண்டு, என் கை நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, தங்கச் சிலுவை, வந்தவர்களுக்குக் கொடுக்கச் சர்க்கரை பூசிய பாதாம். ஒவ்வொன்றாக வாங்கி ஒரு வெள்ளைப் பெட்டியில் அடுக்கினேன். கவுனின் கையில் சின்னச் சின்ன முத்து. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதே நேரத்தில் பண்டெலிஸும் வாங்கினான். இரண்டு பட்டம், சின்னக் காற்றுக்கு ஒன்று, பெரிய காற்றுக்கு ஒன்று. பலகை. தலைக்கவசம். உடம்போடு ஒட்டுகிற கறுப்பு ரப்பர் உடுப்பு.

அந்த உடுப்பைப் போட்டுப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் விட மாட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே மேசை விழுந்தது, விளக்கு விழுந்தது, பிறகு அவனே விழுந்தான். "கலிரோயி" என்று ஈனஸ்வரத்தில் ஒரு குரல். போய்ப் பார்த்தால் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, தொந்திக்குமேல் ஜிப் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நிற்கிறது.

"அளவு சின்னதா எடுத்துட்டியா?"

"சரியான அளவுதான். உடம்பைப் பிடிக்கணும். அப்பதான் காத்து உள்ள போகாது."

"காத்துக்காகத்தானே இவ்வளவு கூத்தும்? உள்ள போனா என்ன குத்தம்?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. மொதல்ல இழு."

பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றி, முதுகில் முழங்காலை வைத்து இழுத்துத்தான் அவனை வெளியே எடுத்தேன். எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன். பாவம் என்று விட்டேன்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமைக் காலைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். காருக்கு, எங்கள் இரண்டு பேருக்கு, டாக்டருக்கு. திங்கட்கிழமை டாக்டர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"வியாழக்கிழமை காத்தே இல்ல! பன்னெண்டு வரைக்கும் போற அளவுல ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு! வெள்ளிக்கிழமைதான் எழும்புது. ஏழு!"

பண்டெலிஸ் முகம் விழுந்துவிட்டது. "அப்போ வியாழக்கிழமை அங்க போய் என்ன பண்றது?"

"என் தங்கச்சி வீட்டுல உக்காந்து மீன் சாப்பிடறது" என்றேன்.

"அது இல்ல கலிரோ. எனக்கு லீவே எட்டு நாள். அதுல ஒரு நாள் வீணாப் போகுது பாரு. வெள்ளிக்கிழமை காலைல கிளம்பினா மத்தியானம் இறங்கறோம், நேரா வளைகுடா, நேரா தண்ணி. சனிக்கிழமை உன் விசேஷம். எல்லாம் கச்சிதமா வருது."

எனக்கு வந்ததே கோபம். "வெள்ளிக்கிழமை காத்து எழும்பினா கப்பல் நின்னுடும்டா! ஏழுக்குப் போகும், எட்டுக்கு யோசிக்கும், ஒன்பதுக்குத் துறைமுகப் போலீஸ் தடை போட்டுடுவான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சொல்றது ஏழு" என்றார் டாக்டர், ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டி. "நாலு செயலியோட சராசரி."

சிதெரிஸுக்கு ஃபோன் போட்டேன். இருபது வருஷமாகத் தினமும் கடலைப் பார்த்துக் கயிறு கட்டுகிறவன். "அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. வியாழக்கிழமை ஏறிடுங்க. வடக்குப் பக்க மலை மேகத்தைத் தொப்பியாப் போட்டிருக்கு. இது ஏழோட நிக்கற காத்து இல்ல" என்றான்.

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த பண்டெலிஸ் சிரித்தான். "மலைக்குத் தொப்பியாம். சகலை, நாங்க செயற்கைக்கோள் வழியாப் பார்க்கறோம்யா."

நான் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வியாழக்கிழமை தனியாக ஏறியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஊரில் போய் இறங்கினால், 'எங்கே உன் புருஷன்?' என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷமாக அதற்குப் பதில் சொல்லி அலுத்திருந்தேன். ஒரே ஒரு தடவை அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்கிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம். இந்த இடத்தில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள ராஃபினா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் கதவைத் திறந்தேன், காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. கப்பல்கள் எல்லாம் இரட்டைக் கயிறு போட்டு நிற்கின்றன. ஒன்றிலும் புகை இல்லை. மூட்டையும் முடிச்சுமாக முன்னூறு நானூறு பேர். கூண்டுக்குள் ஒரு நாய், கையில் மடக்கு நாற்காலியோடு ஒரு கிழவர், நடுவில் எங்கள் கார், அதன் தலைமேல் பலகைகள். ஒலிபெருக்கி சொன்னது: காற்றின் வேகம் ஒன்பது, மறு அறிவிப்பு வரும்வரை எந்தக் கப்பலும் கிளம்பாது.

கூட்டம் முழுக்க ஒரே முனகல். யாரோ துறைமுகப் போலீஸைத் திட்டினார்கள், யாரோ அரசாங்கத்தைத் திட்டினார்கள். எங்கள் காருக்குள் மட்டும் வேறு மாதிரி ஒரு சத்தம்.

"ஒன்பதா!" என்றார் டாக்டர். கண்ணில் ஜலம் வராத குறை. "பண்டெலி, ஒன்பது!"

"சொன்னேன்ல, இந்த வாரம்தான்னு!" என்று பண்டெலிஸ் அவர் தோளில் அறைந்தான்.

நான் திரும்பி இரண்டு பேரையும் பார்த்தேன். "கப்பல் போகாது. புரியுதா? நீங்க கேட்ட காத்து வந்துடுச்சு, அதனாலதான் கப்பல் போகாது."

"எடுத்துடுவாங்க கலிரோ, மத்தியானத்துக்குள்ள தடையை எடுத்துடுவாங்க" என்றான் பண்டெலிஸ். சொல்லும்போதே அவன் கண் கடல்மேல் இருந்தது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குளிர்ந்த காப்பி குடித்தார்கள். சீஸ் பை தின்றார்கள். பிறகு குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பண்டெலிஸ் என்னிடம் வந்து, பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கிற பையன் மாதிரி நின்றான்.

"இங்கேர்ந்து பத்து நிமிஷத்துல ஒரு கடற்கரை இருக்கு. மறைவான இடம், காத்து ஆறுதான் இருக்குமாம். சும்மா உக்காந்திருக்கறதுக்கு..."

"போய்ட்டு வா" என்றேன். வேறென்ன சொல்ல? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வெயிலில் நாள் முழுக்க என்னால் உட்கார முடியாது. "பெட்டியை இறக்கிக் குடு."

"எந்தப் பெட்டி?"

"குழந்தையோட வெள்ளைப் பெட்டிடா."

பின்கதவைத் திறந்து பார்த்தான். "அது அடியில இருக்கு. பட்டம், பம்பு, உடுப்பு எல்லாத்தையும் இறக்கணும். இந்தக் காத்துல பறந்துடும். விடு, இதோ இங்கதானே போறோம். தடை எடுத்தா ஃபோன் பண்ணு, பதினஞ்சு நிமிஷத்துல நிப்போம்."

தங்கச் சிலுவை மட்டும் என் கைப்பையில் இருந்தது. கார் போய்விட்டது.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒலிபெருக்கி இருமியது. காற்று கொஞ்சம் இறங்கியதால் எங்கள் தீவுக்குப் போகிற பெரிய கப்பல் ஒன்றுக்கு மட்டும் அனுமதி, ஐந்தே காலுக்குக் கிளம்பும், சீக்கிரம் ஏறுங்கள். காலையிலிருந்து தரையில் கிடந்த அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. டாக்டருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. பதினாலு தடவை போட்டேன். இரண்டு ஃபோனும் காருக்குள் இரண்டு கால்சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருந்திருக்கும், இரண்டு பேரும் கடல்மேல் இருந்திருப்பார்கள். ஐந்து பத்துக்குக் கப்பல்காரன் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க வர்றீங்களா இல்லையா?" என்றான். கைப்பையோடு ஏறினேன்.

கப்பல் கரையை விட்டு நாலு ஆள் நீளம் நகர்ந்திருக்கும். துறைமுகச் சாலையில் எங்கள் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து தலை முதல் கால்வரை கறுப்பு ரப்பரோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு ஒருவன் இறங்கி ஓடிவந்தான். சுடுகிற தரையில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி ஓடினான். மேல்தளத்தில் நின்ற ஜனம் கைதட்டியது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "யார் பெத்த பிள்ளையோ!" என்றாள். நான் தெரியாத மாதிரி கடலைப் பார்த்தேன்.

ஃபோன் அடித்தது.

"ஏன் நிக்கச் சொல்லல?"

"யாரை?"

"கப்பலைத்தான். கேப்டன் உங்க ஊர்க்காரர்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பண்டெலி, பெட்டி உன்கிட்ட இருக்கு. குழந்தை நாளைக்கு எதைப் போட்டுக்கும்?"

"பதறாதே. நாளைக்குக் காலைல ஏழரைக் கப்பல். மொதல் ஆளா ஏறிடறேன். சத்தியமா. என் அம்மா மேல சத்தியமா."

இரவு ஊர் போய்ச் சேர்ந்தேன். எதிர்பார்த்தபடியே முதல் கேள்வி, 'எங்கே உன் புருஷன்?' உரானியா மட்டும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சூப்பைச் சுடவைக்கப் போனாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடாத பிடி. நான் அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தால் காற்று செத்துப்போயிருந்தது. ஓர் இலை அசையவில்லை. கடல் குளித்துவிட்டுப் படுத்த மாதிரி கிடந்தது. 'இன்னிக்குக் கப்பல் சரியான நேரத்துக்கு வந்துடும் அக்கா' என்று சிதெரிஸ் சந்தோஷமாகத் துறைமுகத்துக்குப் போனான். பதினொன்றே முக்காலுக்குக் கப்பல் வரும். சாமி இரண்டு மணிக்கு அடுத்த கிராமத்தில் ஒரு கல்யாணம் நடத்திவைக்கப் போக வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஞானஸ்நானத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளிவைத்தேன். "அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியாது கலிரோயி, மாப்பிள்ளை ஓடிப்போனாலும் போயிடுவான்" என்றார்.

நானும் துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் வந்தது. சிதெரிஸ் கயிற்றை வாங்கிக் கட்டினான். கப்பலின் வாய் திறந்தது. லாரி இறங்கியது, தர்ப்பூசணி வண்டி இறங்கியது, ஜெர்மன்காரர்கள் இறங்கினார்கள், நேற்றுப் பார்த்த கூண்டு நாய்கூட இறங்கியது. கடைசிக் காரும் வெளியே வந்து, கப்பலின் வயிறு காலியாகத் தெரிந்தது. சிதெரிஸ் என்னைப் பார்த்தான். நான் ஃபோனைப் பார்த்தேன்.

பண்டெலிஸ் மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் கார் ஓடுகிற சத்தம், பாட்டுச் சத்தம்.

"எங்கே இருக்கே?"

"கலிரோ, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அங்க காத்து நின்னுடுச்சுல்ல?"

"நின்னுடுச்சு."

"அதான். ஃபோட்டிஸ் விடியக்காலையே பார்த்துட்டான். அடுத்த ஆறு நாளைக்கு உங்க தீவுல ரெண்டு, மூணு, அவ்வளவுதான். காத்து இல்லாத ஊருக்கு வந்து என்ன பண்றது? மேற்கே பத்ராஸ் பக்கம் போயிட்டிருக்கோம், அங்க தினமும் மத்தியானம் காத்து வருமாம். லீவு வீணாப் போகக் கூடாதுல்ல? நீ நல்லா உன் தங்கச்சியோட இருந்துட்டு வா."

பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்து ஓடுகிறவனைக்கூட ஜன்னலைத் திறந்து நாலு வார்த்தை கேட்கிறவள் நான்.

"குழந்தையோட துணி உன் கார்ல இருக்கு" என்றேன், அவ்வளவுதான்.

பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான். பிறகு, "அட ஆமா! ஃபோட்டிஸ், அந்தப் பெட்டி! மறந்தே போச்சு பாரு... கூரியர்ல போட்டு விடட்டுமா?"

ஃபோனை அணைத்தேன்.

சிதெரிஸ் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க அக்கா, ரொட்டிக்கடை அம்மா வீட்டுல கேட்டுப் பார்ப்போம்" என்றான். அந்த அம்மா வீட்டில் போன வருஷம் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. வெள்ளை மாலுமி உடுப்பு ஒன்று கிடைத்தது. நீல ரிப்பன், கழுத்தில் சின்ன நங்கூரம், பையன் சைஸ் தொப்பி. துண்டு கோயில் பக்கத்து வீட்டிலிருந்து. மெழுகுவர்த்தி மளிகைக்கடையிலிருந்து, கரண்ட் போனால் ஏற்றுகிற ரகம். முத்து வைத்த கவுன் எங்கேயோ நெடுஞ்சாலையில் பட்டத்துக்கு அடியில் நசுங்கிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"அழகா இருக்கா அக்கா. கேப்டன் மாதிரி" என்றாள் உரானியா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் குழந்தையோடு நின்றேன். ஊரே வந்திருந்தது. சாமி புத்தகத்தைத் திறந்தார். தண்ணீருக்கு முன்னால், எண்ணெய்க்கு முன்னால், எங்கள் சடங்கில் முதல் வேலை சாத்தானைத் துரத்துவது. பச்சைக் குழந்தையால் பேச முடியாது, அதற்குப் பதிலாக ஞானத்தாய்தான் சாத்தானின் திசையான மேற்குப் பக்கம் திரும்பி நின்று பதில் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து நூறு தடவை பார்த்த சடங்குதான். எல்லோரும் வாய்க்குள் முணுமுணுப்பார்கள், சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே போகப் பார்ப்பார்கள்.

"மேற்கே திரும்பும்மா" என்றார் சாமி.

திரும்பினேன். வாசலுக்கு நேரே கீழே கடல். அசையாத, பளபளக்கிற கடல். அதற்கு அந்தப் பக்கம் ராஃபினா. அதற்கும் அந்தப் பக்கம் பத்ராஸ் போகிற சாலை.

"சாத்தானையும் அவன் காரியங்களையும் அவன் படாடோபத்தையும் விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்."

இரண்டாம் முறை கேட்டார். சொன்னேன். மூன்றாம் முறை கேட்டார். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்திருக்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சாமி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர்தான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் பண்டெலிஸுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தவர்.

"விட்டுவிட்டாயா?" என்று கேட்டார். அதையும் மூன்று முறை கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நிஜமாகவே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"விட்டுவிட்டேன்" என்றேன். "விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன், சாமி."

"அப்படியானால் அவன்மேல் ஊதித் துப்பு."

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பத்ராஸ் பக்கம் பார்த்து மூச்சு உள்ளவரைக்கும் ஊதினேன். பிறகு துப்பினேன். வழக்கமாக எல்லோரும் பேருக்கு உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். நான் காட்டவில்லை. மூன்று தடவை, அடிவயிற்றிலிருந்து துப்பினேன். கீழ்ப்படியில் நின்ற ரொட்டிக்கடை அம்மா இரண்டு அடி ஒதுங்கினாள்.

"போதும்மா" என்றார் சாமி மெதுவாக. "அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போ கிழக்கே திரும்பு."

மாலுமித் தொப்பி குழந்தையின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே திரும்பினேன்.